முற்றத்து வெயில்

திங்கட்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு ஹார்டு டிஸ்க் காணாமல் போனது தெரிந்தது.

கோட்டையூரில் ஒரு பழைய வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து என் கணவர் ஆதித்தன் வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார். அவர் காய்ச்சலில் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மேசை இழுப்பறையைத் திறந்த முத்துராமன்தான் எனக்குப் போன் செய்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த கணினியும் துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. கதவுப் பூட்டு உடையவில்லை. சாவி வைத்திருந்தவர்கள் மூன்று பேர்: கணக்கு வழக்கும் வெளிவேலையும் பார்த்த முத்துராமன், படம் வரைந்த ரோகிணி, ஒலி சேர்த்த தவ்ஹீத்.

பதினொரு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் சிவரஞ்சனி வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

“ஆச்சி, அந்த டிஸ்க்குல என்ன இருந்துச்சு?”

“கேம். முழுசும் அதுலதான்.”

“நெட்ல காப்பி?”

“எங்க வீட்டுக்காரவுக ஏத்தி வைக்க மாட்டாக. முதல் கேமை அப்படித்தான் எவனோ எடுத்து அவன் பேர்ல விட்டுட்டான்.”

“இப்ப அது கிடைக்கலைன்னா?”

“சென்னைக் கம்பெனியில வெள்ளிக்கிழமைக்குள்ள கேக்குறாக. நாங்க குடுத்தா இவுக பேர்ல வரும். எடுத்தவன் வேற எங்கயாச்சும் குடுத்தா அவன் பேர்ல வரும்.”

அவர் தலையசைத்தார். பிறகு மூவரையும் ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டார்.

“சனிக்கிழமை எங்க இருந்தீக?”

“காரைக்குடியில, பாஸ்போர்ட் போட்டோ எடுக்க,” என்றான் தவ்ஹீத். “சார்ஜாவுல மச்சான் வேலை சொல்லி வச்சிருக்காரு. அண்ணனே போயிட்டாக. நான் இங்க உக்காந்து யாருக்கு மேளம் அடிக்க?”

ரோகிணி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். “நான் வரைஞ்ச படத்த நானே எதுக்கு மேடம் திருடணும்?”

முத்துராமன் சிவரஞ்சனியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். “விட்டுருங்க ஆச்சி. அண்ணனோடது அண்ணனோடயே போகட்டும். கேஸு கோர்ட்டுன்னு அலையாதீக.”

“அவர் கடைசியாச் செஞ்ச கேமை யாரு ஆடிப் பாத்தீக?” என்று சிவரஞ்சனி கேட்டார்.

யாரும் பார்த்ததில்லை என்றார்கள். அது நம்பக்கூடியதுதான். கடைசித் திருத்தங்களை என் கணவர் வீட்டிலேயே இருந்து தனியாகச் செய்து, டிஸ்க்கில் ஏற்றி இங்கே இழுப்பறையில் வைத்திருந்தார். அவற்றைச் சோதிக்கத் திருப்பத்தூரில் ஒரு டியூஷன் சென்டருக்குப் போய், முன்பின் தெரியாதவர்களை ஆட வைத்தார்.

எல்லோரும் போன பிறகு என் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து சிவரஞ்சனியிடம் கொடுத்தேன். அந்தக் கடைசி ஆட்டம் அதில் இருந்தது. ஆடலாம், திருத்தவோ விற்கவோ முடியாது. அதில் இருப்பது என் கணவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஆடத் தெரியாதவர்கள்தான் நல்ல சோதனை ஆட்கள் என்பார் அவர். வீட்டில் அதற்கு என்னைவிடத் தகுந்த ஆள் இல்லை.

சோதனைகளை அவர் எடுத்த காணொளிகளும் அதிலேயே இருந்தன. ஆடுபவரின் கையும் திரையும் தெரியும். என் கணவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். வாயைத் திறக்க மாட்டார். யார் எங்கே தவித்தாலும் உதவக்கூடாது என்பது அவர் விதி. சொல்லிக் கொடுத்தால் விளையாட்டு சரியா தப்பா என்று தெரியாமலே போய்விடும் என்பார்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் சிவரஞ்சனி அவற்றைப் பார்த்தார்.

விளையாட்டு ஒரு பெரிய வீட்டுக்குள் நடக்கிறது. நிலைவாசலைத் தாண்டி, முற்றத்தைக் கடந்து, உள்ளறைக் கதவை அடைய வேண்டும். முதல் சோதனைகளில் நம் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் திறந்த வாசலிலேயே நின்றார்கள். என் கணவருக்குக் காரணம் புரியவில்லை. கடைசியில் ஒரு பெண் திரும்பி, “செருப்போட எப்படிண்ணே உள்ள போறது?” என்று கேட்டாள். அன்றே ஆட்டத்தை மாற்றினார். இப்போது செருப்பைக் கழற்றினால்தான் உள்ளே போகலாம். வெறுங்காலோடு உள்ளே போகிறவருக்கு நடு முற்றத்துத் தரை சுடும் என்பதையும் சேர்த்தார். மிதித்தால் மறுபடி வாசலுக்குத் தள்ளிவிடும். சுட்டுக்கொண்ட பிறகு எல்லோரும் தாழ்வார நிழலில் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள். பழைய ஆட்டத்தில் செருப்பும் இல்லை, சூடும் இல்லை.

புதன்கிழமை மூவரும் மறுபடி வந்தார்கள். சிவரஞ்சனி டேப்லெட்டை மேசைமேல் வைத்தார். முத்துராமன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு இது ஒண்ணும் தெரியாது. கேம்னா என்னன்னு ஆளுக்கு ஒரு தடவை ஆடிக் காட்டுங்க. நான் பின்னால உக்காந்து பாக்குறேன். கூப்பிடுற வரைக்கும் மத்தவுக தெருவுல இருங்க, ஆடி முடிச்சவுக இங்கயே இருங்க.”

ரோகிணி முதலில் ஆடினாள். வாசலில் திகைத்து, செருப்பைக் கழற்றி, உள்ளே போய், முற்றத்தின் நடுவில் கால் வைத்தாள். வாசலில் வந்து நின்றாள். “நான் போட்ட தூணைக்கூடப் பாக்க விடலையே,” என்றாள்.

தவ்ஹீத் இரண்டு முறை சுட்டுக்கொண்டான். “அண்ணே, செத்தும் எங்காலப் பொசுக்குறீகளே,” என்றான். சொன்ன பிறகு என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசியாகக் கூப்பிட்டதும் உள்ளே வந்த முத்துராமன் ஆட்டத்தின் வாசலில் வெகுநேரம் தேடினான். “செருப்பக் கழட்டணுமா? இத எப்ப சேத்தாக?” என்று கேட்டுக் கண்ணைத் துடைத்தான். உள்ளே போனான். தூண்களை ஒட்டி நடந்து உள்ளறைக் கதவை அடைந்ததும் டேப்லெட்டை என் பக்கம் தள்ளினான். “இதுக்கு மேல முடியல ஆச்சி.”

சிவரஞ்சனி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“டிஸ்க்க எங்க வச்சிருக்கீக முத்துராமன்?”

“என்ன மேடம் சொல்றீக?”

“முற்றத்துல ஏன் ஓரமாப் போனீக?”

“வெயில் அடிக்குதுல்ல. நம்ம வீடுகள்ல அப்படித்தான நடப்போம்.”

“வீட்டுல நடப்போம். திரையில யாருக்கும் கால் சுடாது. திருப்பத்தூர்ல ஆடுனவுக ஒருத்தர் விடாம மிதிச்சாக. ஆச்சி இந்த மாதிரி வீட்டுலயே பிறந்தவுக, அவுகளும் மிதிச்சாக. சுடும்னு தெரியணும்னா முன்னாடி ஒருதரம் சுட்டிருக்கணும். செருப்பு புதுசுன்னு ஞாபகமா நடிச்சீக. அது கண்ணுக்குத் தெரியிற விஷயம். சூடு விரலுக்குப் பழகிப்போச்சு, அத மறைக்கத் தோணல. கடைசி ஆட்டம் ரெண்டே இடத்துலதான் இருந்துச்சு. ஒண்ணு ஆச்சி பையில, இன்னொண்ணு அந்த டிஸ்க்குல.”

தவ்ஹீத் அவனிடமிருந்து நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டான்.

“ஆறு வருசம் கூட இருந்தேன் ஆச்சி,” என்றான் முத்துராமன். “எம்பேரு ஒரு இடத்துலயாச்சும் வந்திருக்கா?”

“ஆட்டம் முடிஞ்சு கடைசியில வரும் பேருகள்ல உன் பேருதான் முதல்ல இருக்கு,” என்றேன். “நீ கடைசி வரைக்கும் ஆடல போலிருக்கு.”

ஹார்டு டிஸ்க் கீழச்சிவல்பட்டியில் அவன் மாமனார் வீட்டு பீரோவில் கிடைத்தது. வழக்கு முடியும்வரை அதை வெளியே விட முடியாது என்பதால், சிவரஞ்சனி உத்தரவு வாங்கி எங்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அது சென்னைக்குப் போனது. விளையாட்டு ஆதித்தன் பெயரிலேயே வெளிவந்தது. கடைசியில் வரும் பெயர்களை நான் மாற்றச் சொல்லவில்லை.

இடையில் ஒருமுறை, முற்றத்தில் தரை சுடும் என்று ஓர் அறிவிப்பு வைக்கச் சொல்லிக் கம்பெனியில் கேட்டார்கள். நாலு பேரை ஆட வைத்து, பேசாமல் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அறிவிப்பு வேண்டாம் என்று அவர்களே பதில் எழுதினார்கள்.

அந்தக் காணொளிகள் எதிலும் அவர் குரல் இல்லை. அவருடைய விதி அப்படி. நான் ஆடியதில் மட்டும், இரண்டாம் முறையும் நான் நடு முற்றத்தில் கால் வைத்தபோது, பின்னால் ஒருவர் சிரிப்பை அடக்குவது கேட்கிறது. சார்ஜாவுக்குக் கிளம்பும் முன் தவ்ஹீத் அதைக் கேட்டுவிட்டு, தனியாகப் பிரித்துத் தரட்டுமா என்றான்.

வேண்டாம், நான் சுட்டுக்கொள்ளும் இடத்திலேயே இருக்கட்டும் என்றேன்.