வெட்டிப்போட்ட மூச்சு

பாட்டு முடிந்த பிறகும் ஸ்பீக்கரில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கத்திரி தலையைச் சாய்த்துக் கேட்டார். ஓடும் டேப்பின் மெல்லிய இரைச்சல், சூடேறிய மெஷினின் ரீங்காரம், எங்கோ குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம், இவை எல்லாவற்றுக்கும் அடியில், நனைந்த துணியை யாரோ தரையில் மெதுவாக இழுப்பது போல ஒரு மூச்சு உள்ளே போனது. போனது வெளியே வரவில்லை.

"என்ன மாமா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" என்றாள் அக்கா மகள்.

"ஒண்ணுமில்லம்மா. பழைய டேப்பு. இரைச்சல் இருக்கத்தான் செய்யும்."

இரைச்சல் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஒலிப்பதிவுக்காரர்கள் மத்தியில் அவருக்குக் கத்திரி என்று பேர் வந்ததே மூச்சை வெட்டித்தான். டேப்பைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, பாடுகிறவர் மூச்சு இழுக்கும் இடத்தைக் காதாலேயே பிடித்து, பிளேடால் நறுக்கிப் போட்டுவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிவிடுவார். அவர் கை பட்ட பாட்டைக் கேட்டால் பாடியவருக்கு நுரையீரல் இருந்த அடையாளமே தெரியாது என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் அவருக்குப் பெருமையும் உண்டு.

இந்தப் பாட்டுகள் அவருடைய அக்கா பாடியவை. நானூறு ஐநூறு வருடத்துக்கு முந்தைய ஸ்பானியப் பாட்டுகள், போர்த்துகீசியப் பாட்டுகள். கடலுக்குப் போனவன் திரும்பி வராத பாட்டு, தூங்காத குழந்தையைச் செல்லமாகத் திட்டும் பாட்டு. துணைக்கு ஒரே ஒரு நரம்பு வாத்தியம், கிடாருக்குப் பெரியம்மா முறை என்று சொல்லலாம். உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டவர்களிடம் எல்லாம், "என் தொண்டைக்கு இதுதான் பிடிச்சிருக்கு, நான் என்ன பண்ண?" என்பாள் அக்கா. பதிவின் கடைசி நாளில் இதே ஸ்டுடியோவில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாடும் அறையில் செத்துப்போனாள். பாடி முடித்தாள், உட்கார்ந்தாள், போய்விட்டாள் என்று கத்திரி எல்லோரிடமும் சொன்னார். பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்று அழுத மகளிடமும் அதையேதான் சொன்னார். அந்தப் பதிவைப் போட்டுக் காட்டித்தான் பிறகு பெரிய இடங்களில் வேலையும் வாங்கினார்.

இப்போது ஸ்டுடியோ அந்த மகள் கையில். சுவரில் அறைந்திருந்த பழைய பஞ்சுத் தட்டிகளைப் பிரித்தபோது பின்னாலிருந்து டேப் சுற்றிய ஸ்பூல்கள் கிடைத்திருக்கின்றன. அம்மாவின் பாட்டை ரெக்கார்டாகக் கொண்டுவரப்போகிறேன், முன்னுரையாக நீங்கள்தான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கூப்பிட்டிருந்தாள்.

"கடைசியா ஒரு ஸ்பூல் இருக்கு மாமா. மேல எதுவும் எழுதல. நான் இன்னும் கேக்கல. உங்களோட சேர்ந்து கேக்கலாம்னு வச்சிருக்கேன்."

பெட்டியைத் திறந்தாள். கத்திரி குனிந்து பார்த்தார். டேப் முழுக்க ஒட்டு. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு, ஒரு ஒட்டு, அடுத்த துண்டு. துண்டுகளின் ஓரமெல்லாம் கருகியிருந்தது.

அன்று அக்காவின் பதிவிலிருந்து வெட்டிய துண்டுகளை அவரே கட்டடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் எரித்திருந்தார். சாம்பலைக் காலால் கலைத்தும் விட்டார். அந்தத் துண்டுகளில் இருந்தது மூச்சு மட்டும் இல்லை.

"இது வெறும் குப்பைம்மா," என்றார். "வெட்டிப்போட்டதை எவனோ ஒட்டி விளையாடியிருக்கான். குடு, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"கேட்டுப் பார்த்துடலாமே மாமா." ஸ்பூலை மெஷினில் மாட்டினாள். "முதல்ல நீங்க பேசிடுங்க. மைக் ரெடியா இருக்கு."

மல்லுக்கட்டினால் சந்தேகம் வரும். மளமளவென்று பேசி முடித்துவிட்டு, போகிற போக்கில் ஸ்பூலைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். அவள் அதைக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. இந்த வயதில் மாமா என்று கூப்பிட அவருக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

பாடும் அறையின் வாசலில் நின்று கதவைத் தடவிப் பார்த்தார். கனமான கதவு; மூடினால் காற்றுக்கூட நுழையாது. அந்தக் காலத்தில் அதன் உள்பக்கக் கைப்பிடி கழன்று வெறும் ஓட்டைதான் இருந்தது. மாற்றணும் மாற்றணும் என்று சொன்னாரே தவிர மாற்றவில்லை. வெளியிலிருந்து திறந்துவிடத்தான் அவர் இருக்கிறாரே. இப்போது பளபளவென்று புதுக் கைப்பிடி. மனசு கொஞ்சம் லேசானது.

கதவு மூடியதும் காது அடைத்தது. உள்ளே பழைய கம்பளத்தின் புழுங்கிய வாடை. அதற்குள்ளே, நெஞ்சுச் சளிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை. அன்று அக்கா நெஞ்சு நிறையத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் அக்கா மகள் கையசைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னோட அக்கா," என்று ஆரம்பித்தார்.

சுவர் ஸ்பீக்கரில் ஒரு மூச்சு உள்ளே போனது.

கூடவே அவருடைய நெஞ்சிலிருந்தும் ஒன்றை உருவிக்கொண்டு போனது. அவர் இழுத்தார். காற்று வரவில்லை. ஒட்டைத் தாண்டும் சின்ன 'டக்'. அடுத்த மூச்சு. கண்ணாடி வழியாகப் பார்த்தார். அந்த ஸ்பூல் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா மகளின் இரண்டு கைகளும் மேஜைமேல் இருந்தன. அவளும் திரும்பி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டக். மூச்சு. டக். மூச்சு.

ஒவ்வொன்றுக்கும் அவரிடமிருந்து ஒன்று.

கதவுக்குத் தாவினார். கைப்பிடியைத் தேடினார். விரல் ஓட்டைக்குள் போனது.

கண்ணாடியைத் தட்டினார். அக்கா மகள் பதறி எழுந்தாள், நாற்காலி சரிந்தது. ஓடி வந்தாள். கதவு கண்ணாடியை ஒட்டியே இருந்ததால் வெளிக் கைப்பிடியில் அவள் கை விழுவது தெரிந்தது. அப்பாடா.

அப்போது டேப் பேசியது.

"தம்பி, மூச்சு முட்டுது. கதவைத் திற."

அக்காவின் குரல். அடுத்து, இளவயசுக் கத்திரியின் குரல், கொஞ்சம் சலிப்போடு.

"நல்லா வந்துட்டிருக்கு அக்கா. இன்னொரு தடவை. அப்புறம் திறக்கறேன்."

"முடியலடா. கதவை."

"இன்னொரு தடவை அக்கா. மூச்சு கேக்கக் கூடாது."

கண்ணாடியை உள்ளங்கையால் அடிக்கும் சத்தம். ஓய்ந்தது. பிறகு பாட்டின் முதல் அடி, திக்கித் திக்கி. தம்பி திறந்துவிடுவான் என்று நம்பிப் பாடியிருக்கிறாள்.

கைப்பிடியில் இருந்த கை அசையவில்லை. அக்கா மகள் அவரைப் பார்த்தாள். அவள் அழவில்லை.

வாயைத் திறந்தார். கதவைத் திற என்று சொல்லவும் மூச்சு வேண்டும்.

அவள் கையை எடுத்தாள். திரும்பிப் போனாள். சரிந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அறைக்குள் கேட்கும்படி பேசும் பட்டனை அழுத்தினாள்.

"இன்னொரு தடவை, மாமா."

டக். மூச்சு.

முழங்கால் மடங்கியது. பிளந்த வாயோடு கண்ணாடியில் முகத்தை அழுத்தினார். அவர் வாய்க்கு முன்னால் கண்ணாடி துடைத்து வைத்தது போலத் தெளிவாக இருந்தது.

அவர் தலைக்கு மேலே, நிற்கிற ஒரு பெண்ணின் வாய் உயரத்தில், கண்ணாடியின் உள்பக்கம் மூச்சு பட்டு வெளுத்தது. மறைந்தது. மறுபடி வெளுத்தது, அவசரமே இல்லாமல்.

அக்கா மகள் எழுந்து வந்தாள். வெளிப்பக்கத்திலிருந்து, அந்த வெள்ளை வட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.