நகல் வாங்கிப் போனவள்

வாசல் நிலையில் ஒரு மைக்கறை இருந்தது. கட்டைவிரலை அழுத்தித் துடைத்ததுபோல் மேலிருந்து கீழே இழுபட்டு, நுனியில் மெலிந்து முடிந்திருந்தது. சாயங்காலத் தண்ணீர் தெளிக்கச் சொம்போடு வந்த குசுமாவதி அதைப் பார்த்து நின்றாள். காலையில் அந்த நிலையைத் துடைத்தவள் அவள்தான். அப்போது அது இல்லை.

முந்தானையால் தேய்த்தாள். கறுப்பு பரவியதே தவிரப் போகவில்லை. முகர்ந்து பார்த்தாள். பதிவு ஆபீஸ் மை. இந்த வீட்டை அவள் பேரில் எழுதி வாங்கிய நாளில் அந்த வாசனை இரண்டு நாள் விரலை விட்டுப் போகவில்லை. ரேகை வைத்தபின் எல்லோரையும்போல அவளும் விரலை ஆபீஸ் சுவரில்தான் துடைத்தாள். வாசலுக்குப் பக்கத்துச் சுவர் முழுக்க ஊர் ஜனங்களின் விரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, சுண்ணாம்பு தெரியாத அளவுக்கு.

ஆனால் அது பழைய கதை. இந்த வீட்டிலிருந்து சமீபத்தில் யாரும் எங்கும் ரேகை வைக்கவில்லை.

உள்ளே மாமனார் ஜினதாசன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஜைனர் வீடு. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் இலை எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு அடுப்பு எரியாது, பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. கிழவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆனாலும் வெளிச்சம் போவதைத் தோலால் அறிந்துவிடுவார். பிறந்ததிலிருந்து ஒருநாளும் தவறியதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை.

"மாமா, மத்தியானம் யாராவது வந்தாங்களா?"

"நீதான் வந்தே."

"நான் கடைக்குப் போயிருந்தேனே."

"நடுவுல வந்து பொட்டியத் தெறந்தியே. என்னாத்தத் தேடறேன்னு கேட்டேன். பதில் சொல்லாமப் போய்ட்ட."

டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். வேட்டிகள் கலையாமல் இருந்தன. அடியில் வைத்திருந்த வீட்டுவரி ரசீதுகளைக் காணவில்லை.

ஆதிராஜ்தான். வேறு யார். போன வருஷம் அவள் புருஷன் தன்யகுமார் செத்த வீட்டில், அழுதுகொண்டே வந்த கொழுந்தன், போகும்போது வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் போய்விட்டான். கேட்டதற்கு, "எந்தப் பத்திரம் அண்ணி?" என்றான். தை பிறந்ததும் வீட்டைக் காலி பண்ணிக் கொடுங்கள் என்று இப்போது ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறான். பத்திரம் இல்லாவிட்டால் அவளும் கிழவரும் தெருவில்தான். இதில் ஒரு பொம்பளையை வேறு ஏவிவிட்டிருக்கிறான், கண் தெரியாதவரை ஏமாற்ற.

சொம்பை எடுத்தாள். கையிலிருந்து வழுக்கி விழுந்தது.

மறுநாள் பதிவு ஆபீசுக்குப் போனாள். வாசலில் புங்கமரத்தடியில் மரப்பெட்டியை மேஜையாக வைத்து மனு எழுதும் வேடியப்பன் அவளைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"வாங்க, நயினார் வூட்டம்மா. இன்னா, மறுபடியும்?"

"மறுபடியும்னா? இப்பதானே வர்றேன்."

"போன வாரம் வந்தீங்களே. பத்திரம் தொலைஞ்சிட்டுதுன்னு. காயிதம்தான் தொலையும், உள்ள புஸ்தகத்துல எழுத்து அப்படியே இருக்கும்னு நான் சொல்லல? வெள்ளைத் தாளு, கோர்ட் ஸ்டாம்பு, நம்பர் தெரியலன்னா பேரும் வருஷமும். தேடி எடுத்து நகல் குடுத்துடுவான்னு சொன்னேன். நானே எழுதிக் குடுத்தேனேம்மா."

"யாருக்கு எழுதிக் குடுத்தீங்க?"

"உங்களுக்குத்தான். ஒருவாட்டி மனு எழுதினா மூஞ்சி மறக்க மாட்டேன். பல்லு செட்ட எங்க வெச்சேன்னுதான் மறந்துடும்." அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"என் வீட்டுப் பத்திரத்த வேற யாராவது வந்து கேட்டா குடுத்துடுவாங்களா?"

"யாரு வேணா வாங்கலாம்மா. அதுக்குத்தானே ஆபீசே வெச்சிருக்கான். ஸ்டாம்பு ஒட்டியிருக்கான்னு பாப்பான். நீ யாரு எவருன்னு கேக்க மாட்டான்."

உள்ளே பகலிலும் பல்பு எரிந்தது. பழைய காகிதம், கோந்து, எலிப் புழுக்கை, பொடி எல்லாம் சேர்ந்த வாசனை. குமாஸ்தா சகாதேவன் மூக்கில் பொடியை ஏற்றிவிட்டு அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நகல்தான் வாங்கிட்டீங்களேம்மா" என்றார்.

"வாங்கினது நான் இல்லைங்க."

"ஊர்ல ஆள்மாறாட்டம் ஜாஸ்தின்னு நான் பொம்பளைங்ககிட்ட கையெழுத்தே வாங்கறதில்ல. ரேகைதான். இந்தாங்க."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயர். பக்கத்தில் இடது கட்டைவிரல். வரிகள் துலக்கமாக விழுந்திருந்தன. அவற்றின் குறுக்கே, சாய்வாக, வெள்ளையாய் ஒரு கோடு.

சின்ன வயதில் அரிவாள்மணையில் வெட்டுப்பட்ட தழும்பு அவளுக்கு. அதே விரல். அதே சாய்வு.

ஆதிராஜுக்கு இந்தத் தழும்பு தெரியும் என்று நினைத்தாள். எத்தனை தரம் அவனுக்குப் பரிமாறியிருக்கிறாள். காசு கொடுத்தால் விரலை வெட்டிக்கொள்ளவும் ஒருத்தி கிடைப்பாள்.

"வேற என்ன கேட்டா அவ?"

"வில்லங்கம் போட்டுப் பாத்தீங்க. அப்புறம் பொறப்பு எங்க பதிவாவும், உங்க வீட்டுக்காரர் சாவு எங்க பதிவாயிருக்கும், வீட்டுவரிக்கு எங்க மனு போடணும்னு ஒண்ணொண்ணா கேட்டுக்கிட்டுப் போனீங்க." சகாதேவன் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்களப் பத்தி எங்கெங்க எழுதி வெச்சிருக்குதோ அவ்வளவும் வேணும்னு சொன்னீங்க. எனக்கே வேடிக்கையா இருந்தது."

அவள் தன் பங்குக்கு ஒரு மனு போட்டாள். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

அந்த நாட்களில் வீட்டின் சத்தங்களை அவள் எண்ணிப் பார்க்கத் தொடங்கினாள். ஓட்டில் அணில் ஓடுவது, கிழவர் புரளும்போது கயிற்றுக் கட்டில் முனகுவது, பெரிய கோயில் மணி மலையில் முட்டிக் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வருவது. இவை எதிலும் சேராத ஒரு சத்தமும் இருந்தது. வெறுங்காலில் யாரோ அடுப்பங்கரைத் தரையில் எடை மாற்றி நிற்பதுபோல. விளக்கை எடுத்துப் போனால் யாரும் இல்லை. அடுப்புச் சாம்பல் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

கையில் எதுவும் நிற்கவில்லை. பூ கட்டினால் நார் நழுவியது. தீக்குச்சி விரலிடுக்கில் சுழன்று விழுந்தது. விரலைப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கிழவர் சொன்னார்: "ராத்திரி எதுக்கும்மா தண்ணி கொண்டாந்தே?"

"நானா?"

"குடிங்க குடிங்கன்னு வாயாண்ட வெக்கிற. நான் குடிக்கல." அவர் குரல் தாழ்ந்தது. "ஆனா தாகமா இருந்தது."

அன்று புங்கமரத்தடியில் ஆதிராஜே நின்றுகொண்டிருந்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். மணிலாக்கொட்டை மண்டி வைத்து நன்றாகக் கொழுத்த உடம்பு, இப்போது சட்டை தொளதொளத்தது. சவரம் செய்திருக்கவில்லை.

"யாரு அவ?" என்றாள் குசுமாவதி. "எவ்வளவு குடுத்தே அவளுக்கு?"

அவன் ஒரு அடி பின்னால் போனான்.

"அண்ணி, எனக்கு வூடும் வேணாம் ஒண்ணும் வேணாம். அதான் பத்திரத்தக் குடுத்துட்டேனே. இன்னும் என்னா கேக்கப் போறீங்கன்னு தெரியலியே, அத முடிச்சிக்கலாம்னுதான் வந்தேன்."

"எப்ப குடுத்தே?"

"முந்தாநேத்து வந்தீங்களே. விளக்கு வெச்சப்புறம்." அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "வேலைக்காரப் பையனுக்கு சோறு போட்டு வெச்சிருந்தது. நீங்க பாட்டுக்கு உக்காந்து அதச் சாப்டீங்க. இருட்டுல. எங்கண்ணன் பொண்டாட்டி இருட்டுல சாப்டறாங்க. இருட்டுல சாப்டக் கூடாதுங்கற சமாசாரம் எந்தக் காயிதத்துலயும் எழுதலன்னு சொல்லிச் சிரிச்சீங்க அண்ணி."

அவன் பொய் சொல்லவில்லை. அவள் இத்தனை நாள் சந்தேகப்பட்ட ஆள் அவளைவிட அதிகமாகப் பயந்திருந்தான். அவன் செய்யவில்லை என்றால், செய்ய வேறு ஆள் இல்லை.

உள்ளே போனவளை ஆபீஸ் மூடும் நேரம் வரை உட்கார வைத்துவிட்டார்கள். மின்சாரம் போய், வந்து, மறுபடியும் போனது. கடைசியில் சகாதேவன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நகலை எடுத்து வைத்து, மைத்தட்டை நகர்த்தினார்.

"எடது கை."

விரலைப் பிடித்து உருட்டி அழுத்தினார். எடுத்தார். ஒரு கறுப்பு முட்டை.

"மை ஜாஸ்தியாயிடுச்சு." துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கறுப்பு முட்டை. வரி இல்லை. சுழி இல்லை. குறுக்கே வெள்ளைக் கோடு இல்லை.

"தேச்சுக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தாள். மூன்றாவது முறையும் அதேதான். சகாதேவன் மெழுகுவத்தியை அவள் விரலருகே கொண்டுவந்தார். அப்போதுதான் அவளும் பார்த்தாள். வேகவைத்து உரித்த முட்டைபோல இருந்தது விரல். தழும்பு இருந்த இடம் வழவழவென்றிருந்தது.

அவர் மெழுகுவத்தியை மெல்ல உயர்த்தினார். வெளிச்சம் அவள் கழுத்துக்கு வந்தது. முகத்துக்கு வந்தது.

"நீங்க யாரும்மா?" என்றார்.

நகலை இழுத்து மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

வெளியே வரும்போது பழக்கத்தில் விரலைச் சுவரில் துடைத்தாள். பிறகு நடந்தாள். சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. மலையின் நிழல் தெருக்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு அவளுக்கு முன்னால் போனது. மாமா சாப்பிட்டிருக்க மாட்டார். பட்டினியாகவே படுத்திருப்பார். அதையே சொல்லிக்கொண்டு ஓடினாள். எதிரே வந்த பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் வழிவிட்டு ஒதுங்கினாள். யாரோ வெளியூர்க்காரிக்கு ஒதுங்குவதுபோல.

தெருமுனையிலேயே வாசனை வந்தது. கடுகு. காய்ந்த மிளகாய். சூடான எண்ணெய்.

யார் வீட்டிலோ.

நடந்தாள். வாசனை கூடியது.

அவள் வீட்டு ஓட்டின் மேல் புகை.

வாசல் நிலை முழுக்க மைக்கறை. ஒன்றன்மேல் ஒன்றாக. மரம் தெரியவில்லை. கதவு சாத்தியிருந்தது.

"மாமா."

உள்ளே தட்டில் விரல் உரசும் சத்தம் நின்றது.

"யாரது?" கிழவரின் குரல். வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசும் குரல்.

"நான்தான் மாமா. குசுமா."

"குசுமா இங்கதான இருக்கா."

கதவு ஒரு சாண் திறந்தது. அவர் கையில் அரிக்கேன் விளக்கு. அதை அவள் முகத்துக்கு நேரே தூக்கினார். வெள்ளை பூத்த கண்கள் அவளைத் தேடின. தாடையில் சோற்றுப் பருக்கை. உதட்டில் எண்ணெய். பிறந்ததிலிருந்து தவறாத வாய் மென்றுகொண்டிருந்தது. அவசரமாக. பசியாக.

"காலையில வாம்மா" என்றார். "ராத்திரியில நாங்க யாருக்கும் கதவு தெறக்கறதில்ல."

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. இடது கை. நிலையைப் பற்றியது, அவள் கன்னத்துக்கு வெகு அருகில். கட்டைவிரலில் ஈரமான மை. மையின் நடுவே சாய்வாக ஒரு தழும்பு. விரல் மரத்தில் அழுத்தி நின்றது. விலகியது.

"சோறு ஆறுது மாமா." அவளுடைய குரல்.

கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கிழவரின் காலடி உள்ளே போனது. தட்டு நகர்ந்தது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம், பலகையை ஒட்டி, வேறொரு வாய் நிதானமாக மென்றுகொண்டு நின்றது.

குசுமாவதி கையைத் தூக்கினாள். அந்தப் புது ரேகையின் மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள்.

வரிகள் ஒன்றுகூடக் கலையவில்லை. மை இன்னும் ஈரமாக மின்னியது. அவள் விரலில் ஒட்டவில்லை.