தண்ணீரில் நின்ற மருதங்கன்று

"எங் கன்னு எப்படியிருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் செவந்தி முதலில் கேட்பது இதைத்தான். 'நீ எப்படியிருக்க?' என்பதெல்லாம் அப்புறம்தான்.

"அது... நல்லாத்தான் இருக்கு" என்றாள் இளமதி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீ நல்லாயிருக்கியா செவந்தி? புதுப் பள்ளிக்கூடத்துல யாருகூட விளையாடுற?"

"நானும் நல்லாத்தான் இருக்கேன். யாருகூடவும் இன்னும் பேசல. நம்ம ஊரு மாதிரி இல்லடி" என்றாள் செவந்தி. "அடுத்த ஞாயிறு வீடியோ கால்ல வாரேன். கன்னைக் காட்டணும், என்ன?"

போச்சுடா! வாடி நிற்கிற கன்றை இளமதி எப்படிக் காட்டுவாள்?

செவந்தியும் இளமதியும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கோடை விடுமுறையில் செவந்தியின் அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. கிளம்பும் முன் அவள் கண்மாய்க்குள்ளே ஒரு நீர்மருதங்கன்றை நட்டாள்.

ஆமாம், கண்மாய்க்குள்ளேதான். அப்போது அங்கே தண்ணீர் எங்கே இருந்தது? பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்! பக்கத்தில் ஒரு வயதான மருதமரம் உண்டு. அதன் அடிமரத்தில் காய்ந்த நார்போல என்னமோ கொத்துக் கொத்தாகத் தொங்கும். பிள்ளைகள் அதற்குத் தாடிக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். தாடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு பேட்டைப் பிடித்தால் சிக்ஸர் நிச்சயமாம். அது எதற்குத் தாடி வளர்க்கிறது என்று ஒருவரும் யோசித்ததில்லை.

"தாடிக்காரருக்குத் துணையா இருக்கட்டும். நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுச் செவந்தி பஸ் ஏறினாள். இளமதியும் வெயில் காலம் முழுக்கக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். கன்று அவள் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது.

ஐப்பசியில் பிடித்த மழை விடவேயில்லை. கார்த்திகையில் கண்மாய் நிறைந்தது. பல வருடம் கழித்து நிறைந்ததால் ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. இளமதி மட்டும் கன்றையே பார்த்தாள். கன்று முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றது. இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தன.

தண்ணீர் இல்லாமல் செடி வாடினால் சரி, புரிகிறது. இவ்வளவு தண்ணீர் இருந்தும் வாடினால்?

அம்மா செல்வராணியிடம் கேட்டாள்.

"வேரும் மூச்சு விடணும்டி. கொல்லையில தண்ணி நின்னு முருங்கை அழுகிப்போச்சுல்ல? அதே கதைதான்" என்றார் அம்மா.

"அப்ப தாடிக்காரர் மட்டும் ஏம்மா அழுகல?"

அம்மா கரண்டியால் குழம்பைக் கிளறினார். "அதான் எனக்கும் தெரியல. போயிப் படி."

எதிர்வீட்டு அய்யப்பனுக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. அவளோடு படிப்பவன். எதற்கும் அவனிடம் உடனே ஒரு வழி இருக்கும். அது நல்ல வழியா என்பது வேறு விஷயம்.

"அது செத்துருச்சு. வேற கன்னு ஒண்ணை வாங்கிட்டு வந்து கரையில நட்டுருவோம். திருப்பூர்லேருந்து பாத்தா அவளுக்கு அடையாளமா தெரியப்போகுது?"

இளமதிக்கு அது நல்ல யோசனையாகவும் தெரிந்தது, கெட்ட யோசனையாகவும் தெரிந்தது. ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. செவந்தியை ஏமாற்ற அவளுக்கு மனசே வரவில்லை.

"வேற கன்னு வேண்டாம். இதையே பிடுங்கிக் கரையில நட்டுப் பாப்போம்" என்றாள் சனிக்கிழமை.

அம்மா படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். "ஓரமாவே நில்லுங்க. அங்கிட்டு ஆழம்" என்றார். அய்யப்பன் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, இளமதி தண்ணீரில் இறங்கிக் கன்றைப் பற்றினாள். பற்றிய கையைச் சட்டென்று எடுத்தாள்.

தண்ணீருக்குச் சற்று மேலே, தண்டைச் சுற்றிச் சிவப்பாக, மெல்லிசாக என்னமோ முளைத்திருந்தது.

"புழு! பிடுங்கி எறி" என்றான் அய்யப்பன்.

இளமதி குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டாள். நெளியவில்லை. வேர் மாதிரி இருந்தது. வேர் மண்ணுக்குள்ளே அல்லவா இருக்க வேண்டும்? இது ஏன் காற்றில் வந்து தொங்குகிறது?

நகத்தால் தண்டை லேசாகக் கீறினாள். உள்ளே பச்சை.

"அய்யப்பா, உசுரு இருக்குடா!"

நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். எதிரே தாடிக்காரர். தண்ணீர் அவர் தாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பழுப்புத் தாடிக்கு நடுவே புதிதாகச் சிவப்பு முடிகள்.

"அது தாடியில்லடா. அதுவும் வேருதான். கீழ இருக்கிற வேருக்கு மூச்சு முட்டுது. அதனால மேல புதுசா விட்டிருக்கு. நீ முங்குனா தலையைத் தூக்கி மூச்சு விடமாட்ட?"

"அப்ப எலை ஏன் கொட்டுது?"

"மூச்சு வாங்குறப்ப புத்தகப் பையை இறக்கி வைக்கமாட்டியா?"

அய்யப்பன் தலையைச் சொறிந்தான். "நம்ம அதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தோமே. அதுக்கு வலிச்சிருக்குமோ?"

"இனிமே இழுக்க வேண்டாம்" என்றாள் இளமதி. கன்றைப் பிடுங்காமல் கரையேறினாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போனைக் கன்றுக்கு நேராகப் பிடித்தாள். அதில் இரண்டே இரண்டு இலைகள்தான் மிச்சம்.

"போன வாரம் நல்லாயிருக்குன்னு சொன்னது பொய். என்னை அறியாம வாயில வந்துருச்சு. கோவிச்சுக்காத" என்றாள். பிறகு சிவப்பு வேரைக் காட்டினாள். தாடிக்காரரையும் காட்டினாள்.

செவந்தி திரைக்கு நெருக்கமாக வந்து பார்த்தாள்.

"பழைய வேரு என்னாச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அது மண்ணுக்குள்ள அப்படியேதான் பிடிச்சுக்கிட்டு நிக்குது. பிடிக்காட்டி கன்னு சாஞ்சிருக்கும்ல? இது அதுக்கும் மேல புதுசா விட்டது."

செவந்தி தலையாட்டினாள்.

"நானும் பொய்தான் சொன்னேன். இங்க நான் நல்லாயில்ல" என்றாள். "எம் பக்கத்துல பிரகதாம்பாள்னு ஒரு புள்ள உக்காருது. நாளைக்கு அதுகிட்ட பேசிப் பாக்குறேன்."

மருதங்கன்றுக்கும் பிரகதாம்பாளுக்கும் என்ன சம்பந்தம்? இளமதிக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆனால் அடுத்த ஞாயிறு போன் வந்தபோது, அந்தப் பக்கம் இரண்டு குரல்கள் சேர்ந்து கேட்டன: "கன்னு எப்படியிருக்கு?"