பிரபுவின் மனைவி வர மறுத்தாள்

காலையிலேயே ஆரம்பித்துவிட்டார் ஆம்ப்ரோஸ்! அடுப்பில் கஞ்சி கொதிப்பதற்குள், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அப்பா மரியசெல்வத்துக்குத் தன் புத்தகத்தை வாசித்துக் காட்டியாக வேண்டும். புரட்சியில் தன் ராஜாவுக்காக வாளெடுத்துத் தோற்று, ருஷ்யாவுக்கு ஓடிப்போன பிரெஞ்சுப் பிரபு லூசியனின் கதை.

அடுப்படியில் நின்ற மனைவி ஃப்ளோரன்ஸுக்கு அந்தப் பிரபுவை ரொம்பப் பிடிக்கும். ஜன்னலில் பெசன்ட் நகர்க் கடற்காற்று வீசும்போதெல்லாம், அவள் மனக்கண்ணில் நீலக் கோட்டு போட்ட அந்த மனிதர் பூட்ஸ் நனையக் கரையோரம் நடந்து வருவார். மணலெல்லாம் பனியாகிவிடும். ‘ஊருக்கு எந்தப் பக்கம்மா போகணும்?’ என்று அவளைக் கேட்பார். பாவம், ஊர் திரும்பாமலே இருபது வருஷம்...

“அப்பா, காப்பி ஆறிப்போச்சுன்னு சொல்லுங்க” என்றார் ஆம்ப்ரோஸ்.

மனைவியிடம் அவர் நேரே பேசி ஆறு வருஷமாகிறது. பிரபுவைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பாரிசிலிருந்து அழைப்பு வந்தபோது, “நானும் வரல, நீங்களும் போகக் கூடாது” என்று ஒற்றைக்காலில் நின்றாள் ஃப்ளோரன்ஸ். ஏனென்று சொல்லவில்லை. பயணம் நின்றுபோனது. அன்றைக்கு மூடிய வாய்தான் அவருக்கு! சொந்தபந்தமெல்லாம் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றது. அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சூடான காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் வாசித்தார்: “பிரபு நாட்டை விட்டுப் புறப்பட்ட அன்று, மனைவி அதேல் உடன் வர மறுத்தாள். அவள் நெஞ்சு கல்.”

“கல்லுன்னு போடாதீங்க!” வெடித்துவிட்டாள் ஃப்ளோரன்ஸ். “அவளுக்கு இன்னா கஷ்டமோ... யாருக்குத் தெரியும்?”

“அப்பா, புத்தகம் எழுதுறது நான்னு சொல்லுங்க.”

பெரியவர் கண்ணைத் திறந்தார். “அந்த வூட்ல ஒரு கிழவன் படுத்துக்கினு இருந்திருப்பான்டா...”

“எந்தக் கிழவன்? அதுக்கெல்லாம் ஆதாரம் இல்லப்பா.”

“ஆதாரமா நான் கீறேன்ல! மருமவ கையப் புடிச்சி அழுதிருப்பான். ‘என்னைத் தனியா உட்டுட்டுப் போவாதம்மா... அவனையும் போவ உடாத... நான் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடாத’ன்னு சத்தியம் வாங்கியிருப்பான். பாவி... வாங்கினேன்டா!”

“மாமா!” ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள் ஃப்ளோரன்ஸ். “இன்னாத்துக்கு மாமா இப்போ...”

வேளாங்கண்ணி மாதா கோயில் மணி அடித்தது. ஆம்ப்ரோஸ் பேனாவை எடுத்து ‘நெஞ்சு கல்’ என்ற அந்த வரியை அடித்தார். நிமிர்ந்து, அப்பாவைப் பார்க்காமல், அவளைப் பார்த்தார்.

“ஃப்ளோரா... இந்த இடத்துல என்ன எழுதணும்? நீயே சொல்லும்மா.”

கடவுளே, அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! முந்தானையில் முகம் புதைத்து விசும்பினாள். அவர் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். அவள் தட்டிவிடவில்லை. ஆனால் முகத்தை மட்டும் மாமனார் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“மாமா, மொதல்ல அந்தக் காப்பியைக் குடிக்கச் சொல்லுங்க!”