பின்சீட்டு: ஒருவர்

யாரும் உட்காராத பின்சீட்டுக்கு வண்டி பெல்ட் கேட்டது.

பழைய கார் விற்கும் யார்டின் இரும்புக் கதவைத் தாண்டி, முதல் வளைவில் திரும்பி, 'நம்ம வண்டி' என்று அவள் மனசுக்குள் முதல்முறையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்ட அந்த நொடியில்தான் அது ஆரம்பித்தது. டிங். டிங். டிங். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்னப் படம் இருந்தது. ஐந்து சீட்டு, ஐந்து புள்ளி. ஆள் இல்லாவிட்டால் புள்ளி இருட்டாக இருக்கும். ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் சிவப்பாகி மணி அடிக்கும். போட்டுவிட்டால் பச்சை. அவளுடையது பச்சை. பக்கத்தில் இருந்த மாமாவுடையது பச்சை. மாமாவுக்கு நேர் பின்னால் ஒரு சிவப்பு.

"எங்கயோ வயர் உரசுது," என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமலே. "அந்த பெல்ட்டை சும்மா மாட்டி விடு. வாய மூடிக்கும்."

ஓரங்கட்டி இறங்கி, காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மணி நின்றது. ஆனால் பெல்ட் சீட்டின்மேல் படியவில்லை. வயிறும் நெஞ்சும் உள்ள எதையோ சுற்றி வந்ததுபோல் ஒரு சாண் தள்ளி விறைப்பாக நின்றது. ஈரச் சாக்கை வெயிலில் போட்டதுபோல் ஒரு வாடை அடித்தது. பழைய பெல்ட், முறுக்கேறிப் போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பின்சீட்டுப் புள்ளி இருட்டாகவில்லை. பச்சையாகியிருந்தது.

வீட்டில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். படித்தது என்னவோ வேதியியல்தான். ஆனால் அந்தக் குடும்பத்திலேயே முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால், சொந்தத்தில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவள் மடியில்தான் வந்து விழும். ஆஸ்பத்திரிப் படிவம், வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூட நோட்டீஸ். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிறவள். அப்படிப்பட்டவள் வண்டி ஒப்படைப்புச் சீட்டை மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

காரணம் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, முப்பது வருஷம் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக். தன் அகன்ற உள்ளங்கையைக் காகிதத்தின் மேல்பாதியில் பரப்பி வைத்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் நீ படிக்கிறே, வக்கீலம்மா. உனக்காக ஒருநாள் நான் பாத்தா ஆகாதா? வண்டிய நட்டு போல்ட்டு விடாம பாத்துட்டேன், போடு," என்றார். தனக்காக இன்னொருவர் பார்த்துக்கொள்வது அவளுக்குப் புதுசு. போட்டுவிட்டாள்.

வண்டி இருந்தால்தான் வேலை. ஊர் ஊராகப் போய்க் குடிதண்ணீர் மாதிரிகளை எடுத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வண்டி பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்க ஏழு நாள் தவணை. ஏழாம் நாள் மாலை ஐந்து மணிவரை.

இரண்டாம் நாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனாள். அம்மாவுக்கு முட்டி இரண்டும் தேய்ந்து போயிருந்தது. வாசலின் மூன்று படியையும் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொன்றாக, பக்கவாட்டில்தான் இறங்குவாள். அம்மா எங்கே இருந்தாலும் மூட்டுவலித் தைலத்தின் வாசனை ஒரு நிமிஷம் முன்னாலேயே வந்து நிற்கும். முன்சீட்டில் உட்கார்ந்ததும் மணி அடித்தது.

"எதுக்குடி இது? நான் என்ன ஏரோப்ளேனா ஓட்டப்போறேன்?"

"போட்டாத்தான்மா இது அடங்கும்."

"உன்ன மாதிரியே பிடிவாதம் பிடிச்ச வண்டியா பாத்து வாங்கியிருக்கே."

இருபது வருஷம் செங்கல் சுமந்து மகளைப் படிக்கவைத்ததில் அம்மாவின் இடது தோள் நிரந்தரமாகச் சரிந்துவிட்டது. பெல்ட் அந்தத் தோளில் நிற்காமல் வழுக்கி வழுக்கிக் கையில் வந்து விழுந்தது. இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது, பின்னால் ஸ்பிரிங் மெதுவாக முனகுவது கேட்டது. ஒரு ஆள் சாய்ந்து உட்காருகிற சத்தம்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. "பின்னாடி என்னடி வெச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லம்மா."

நான்காம் நாள் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினாள். மாமாவிடம் சொல்லவில்லை. அந்த ஆள் கருவியை மாட்டி, சீட்டைக் கழற்றி, வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"சென்சார் நல்லாத்தான்மா வேலை செய்யுது."

"யாருமே இல்லையே, அப்புறம் எப்படி காட்டுது?"

அவன் பின்சீட்டைப் பார்த்தான். பிறகு அவளை. "வண்டிய வெளிய எடுங்க," என்றான். கூலிகூட வாங்கவில்லை.

மாமாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. அக்கா வீட்டுக்கு வாரத்தில் நாலுநாள் சாப்பாட்டு நேரம் பார்த்து வருகிற மனுஷன், வண்டி வந்து நின்றதிலிருந்து அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

ஏழாம் நாள் காலை மணி அடிக்கவில்லை.

பின்சீட்டு பெல்ட் கழன்று, ஒழுங்காகச் சுருண்டு, தன் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. புள்ளி இருட்டு. சாக்கு வாடையும் இல்லை. பின்கதவு முழுசாகச் சாத்தப்படாமல் ஒரு விரல்கடை திறந்திருந்தது. அவள்தான் நேற்று பூட்டினாள். இரண்டுமுறை இழுத்துப் பார்த்தாள்கூட.

வீட்டுக்குள்ளிருந்து அம்மா கேட்டாள். "விடியக்காலைல யாரைடி உள்ள கூட்டிட்டு வந்தே? செருப்பில்லாத காலடி கேட்டுச்சே."

"கனவு கண்டிருப்பே. நான் இத திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன்."

மணி நின்றதே அவளை அதிகம் கலக்கியது.

பிற்பகல் வெயிலில் யார்டு ஈயம்போல் மின்னிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாக வண்டிகள், எல்லாவற்றின் கண்ணாடியிலும் விலைச்சீட்டு. மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்து மார்பில் தொங்கவிட்டவர். 'கோளாறு எதுவும் இல்லையே' என்பார், சண்டை போட வேண்டும் என்று வழிநெடுக வார்த்தைகளைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி, ஒப்படைப்புச் சீட்டை எடுத்து, பென்சிலால் குறித்துக்கொண்டே வண்டியைச் சுற்றினார்.

"ஜாக்கி ஒண்ணு. ஸ்டெப்னி ஒண்ணு. கால்மேட்டு நாலு. சாவி ரெண்டு."

பின்கதவைத் திறந்தார். குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க இறக்கி விட்டீங்கம்மா?"

"எதை?"

"ஒண்ணு குறையுதே."

புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். அச்சடித்த பட்டியல். ஜாக்கி, ஸ்டெப்னி, கால்மேட்டு, சாவி. நடுவில், மாமாவின் உள்ளங்கை இருந்த இடத்தில், கையால் எழுதிய ஒரு வரி.

பின்சீட்டு: ஒருவர்.

கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்பதற்கு நேராக அவளுடைய கையெழுத்து. சுத்தமான, அழகான, படித்தவள் கையெழுத்து. அதற்கு மேலே, 'ஒப்படைத்தவர்' என்ற இடத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு.

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். ஃபேன்பெல்ட் கிழித்த விரல். அவளுக்கு ஒன்பது வயதானபோது, சிலேட்டில் அந்த விரலைப் பிடித்து 'உங்க பேர எழுதுங்க மாமா' என்று மல்லுக்கட்டியிருக்கிறாள். "எனக்கெதுக்கு? அதான் நீ இருக்கியே," என்று சிரித்தவரின் விரல்.

புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினாள். இன்னொரு தாள். அதே வண்டி எண். போன வருஷத் தேதி. பெற்றுக்கொண்டவர்: அதே ரேகை, அதே கோடு.

"இதுக்கு முன்னாடி வண்டி அவர்கிட்டதான் இருந்துச்சா?"

"உங்களுக்குத் தெரியாதா? சொந்தக்காரங்கன்னாரே." மேனேஜர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "எண்ணிக்கை சரியா இருந்தா நான் எடுத்துக்கறேன்மா. யாருன்னு பாக்கறது என் வேலையில்ல. அஞ்சு மணிவரைக்கும் இங்கதான் இருப்பேன்."

இந்தமுறை மாமா போனை எடுத்தார்.

"உங்க கைநாட்டுதானே மாமா அது?"

"ஒரு வருஷம், கண்ணு. உங்க யாருக்கும் தெரியாம ஒரு வருஷம் நான் தனியா அதோட... சொந்தத்துல ஒருத்தர் கையெழுத்துப் போட்டு வாங்கினாத்தான் அது நம்மள விடும்னாங்க."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"நீ படிச்சவ. எப்படியாவது சமாளிச்சுப்பேன்னு நெனச்சேன்."

வாழ்நாள் முழுக்க இதைத்தான் எல்லோரும் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிடலாம் போல இருந்தது.

"மணி அடிக்குதா?" என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது.

"இல்ல. காலைல நின்னுடுச்சு."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உருண்டது.

"அக்கா எங்க? வீட்ல தனியாவா இருக்கா? போடி! ஓடு!"

எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தெரு வெறிச்சென்று இருந்தது. ஹாரனை அழுத்தினாள், கையை எடுக்காமல் அழுத்தினாள். கதவு திறந்தது. அம்மா.

அம்மா நின்றிருந்தாள். முழுசாக. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"வாம்மா, ஏறு! சீக்கிரம்! அப்புறம் சொல்றேன்!"

அம்மா எதுவும் கேட்கவில்லை. மூன்று படியையும் மடமடவென்று இறங்கி வந்தாள். முன்கதவுக்கு வரவில்லை. பின்கதவைத் திறந்தாள். யாரையோ தோளைப் பிடித்து உள்ளே உட்கார வைப்பதுபோல் குனிந்தாள். ஒரு கையை மேல்விளிம்பில் வைத்திருந்தாள், தலை இடிக்காமல். பிறகு கதவைச் சாத்தினாள்.

"என்னம்மா பண்றே?"

"ஒண்ணுமில்ல. கிளம்பு." முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

வண்டி நகர்ந்தது.

டிங்.

சிவப்பு. பின்சீட்டு.

டிங். டிங்.

மூச்சை இழுத்தாள். தைலம். தைல வாசனை. பின்னாலிருந்து.

பக்கத்திலிருந்து ஈரச் சாக்கு.

படி. இறங்கும்போது அம்மா கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை. அது இப்போதுதான் உறைத்தது. அவள் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தினாள். பக்கத்தில் மடியில் கை கோத்து ஒரு உருவம். நிமிர்ந்த தோள்கள், இரண்டும் ஒரே மட்டத்தில். பெல்ட் போடவில்லை. அதற்கு மணி அடிக்கவில்லை. முன்சீட்டுப் புள்ளி இருட்டு.

"சத்தமா இருக்கே," என்றது அம்மாவின் குரல்.

உடம்பு திரும்பாமல் கை மட்டும் பின்னால் போனது. போய்க்கொண்டே இருந்தது. பெல்ட் இழுபடும் ஓசை. எதையோ சுற்றி. எதையோ இறுக்கி.

க்ளிக்.

பச்சை.

"மணி நாலரைதான் ஆகுது. அஞ்சுக்குள்ள போயிடலாம். எண்ணிக்கை சரியாயிடுச்சு."

கால் பிரேக்கில் இருந்தது. கால் அழுத்தவில்லை. அவள் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்தாள்.

காலி சீட்டு. பெல்ட் ஒரு சாண் தள்ளி நின்றது. நின்ற இடத்திலிருந்து வழுக்கியது, சரிந்த ஒரு தோளிலிருந்து வழுக்குவதுபோல். பிறகு மேலே ஏறியது. கீழே இறங்கியது. ஏறியது. இறங்கியது. வேகமாக, இன்னும் வேகமாக, சத்தம் போட்டுக் கூப்பிட முடியாத ஒருத்தியின் நெஞ்சுபோல.