இரண்டாம் படிப் பாதம்

நடைப் பொருத்தகத்தில் முதலில் பாதத்தைத்தான் விசாரிப்பார்கள். பிறகுதான் ஆளை. கிருத்திக் செயற்கைப் பாதத்தைத் திருகிக் கழற்றிக் கணிப்பானின் தட்டில் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தான். பத்து நாள் நடையை அது ஒப்பித்துக்கொண்டிருந்தது. கூடவே இருந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்கிறவர்களைக் கண்டால் அவனுக்கு எப்போதுமே ஆகாது.

காலிழந்தவர்களுக்கு நான்கு படிகள். ஒன்றாம் படிப் பாதம் வீட்டுக்குள் நடக்க, இரண்டு தெருவுக்கு, மூன்று மேடுபள்ளத்துக்கு, நான்கு பாறைச் சரிவுக்கு. நான்கு இல்லாதவனுக்குக் குவாரிக் கதவு திறக்காது. இரண்டு மாதத்துக்குள் கிருத்திக் குவாரிக்குத் திரும்பாவிட்டால் வேலை போய்விடும். சோதனைக்கு எல்லோருக்கும் தருவது இரண்டாம் படிதான்; அதில் நடப்பதைப் பார்த்துத்தான் மேலே ஏற்றுவார்கள்.

பொருத்துநர் மகிழினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏனுங்ணா, இந்தப் பாதம் நூத்தி நாப்பது தடவ சரிவேறியிருக்குது. நீங்களும் கூடப் போனீங்களா?"

"நான் இல்லாம அது டீக்கடைக்குக்கூடப் போவாது அம்மிணி."

"ரெண்டாம் படியில கணுக்கால் மடங்காது. புதுசா மாட்டுனவங்க அதுல சரிவேற முடியாதுன்னு கணிப்பான் சொல்லுது. உங்க கூட்டாளி தரணீஷுக்கும் அதே குவாரியிலதான கால் போச்சு? அவரு மாட்டிட்டு ஏறுனாரா?"

கேட்பது இவளா, இவள் வழியாகக் குவாரிக்காரனா? மேலே மினுங்கிய கேமராவைப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே மிச்சமிருந்த காலின் உறையை உருவினான். உறையோடு தோலும் வந்தது. கொப்புளங்கள் உடைந்து சீழ் வைத்திருந்தன.

மகிழினி, புண்ணைப் படமெடுத்துக் கணிப்பானுக்கு அனுப்பும் பதிவு விளக்கை எடுத்தாள். பிறகு, கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"இதைப் பதிஞ்சா, ஏறுனது நீங்கதான்னு கணிப்பான் ஒத்துக்கும்."

"அப்பறமென்ன, பதிங்க."

"புண்ணுக்காலுக்கு ஒண்ணாம் படிதானுங்ணா. ஆறு மாசம்."

"பதியலீன்னா?"

"ஏமாத்துனதா ஆவும். முப்பது நாள்ல மறுசோதனை குடுப்பாங்க. ஆனா யாரு மாட்டிட்டு நடந்தாங்கன்னு பேர் குடுக்கணும். அவங்க பாதத்தை இங்கிருந்தே ஒரு வருசம் முடக்கிப்போடும்."

"பேர் குடுக்கலீன்னா?"

"எப்பவுமே ரெண்டுதான்."

அந்தப் பத்து நாளும் சரிவின் அடியில் தண்ணீர்க் கேனோடு நின்று, "இன்னொரு நடை போடுறா, செத்துற மாட்டே" என்று திட்டியவன் தரணீஷ். அவனுக்கு நான்காம் படி கிடைத்து மூன்று வருடம். அவனும் இதே அறையில்தானே உட்கார்ந்திருப்பான்? யார் பேரைச் சொல்லிவிட்டு எழுந்தான்? தெரியாது. கிருத்திக் உறையை மேலே இழுத்துக்கொண்டான்.

"தரணீஷுன்னு போட்டுக்கங்க."

மகிழினி திரையில் விரலை வைத்தாள்.

பாதத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். வாசலுக்கு எதிரே, பைக்கை நிறுத்திவிட்டு, தரணீஷ் வெயிலில் சிரித்துக்கொண்டே வந்தான். "என்றா, நாலு குடுத்தாளா?"

மூன்றாவது எட்டில் தரணீஷின் கணுக்கால் மடங்கவில்லை. தடுமாறி மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். குனிந்து பாதத்தை இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு நிமிர்ந்து, கிருத்திக்கின் முகத்தைப் பார்த்தான்.