எழுதியாச்சு

திரையின் மூலையில் கடலூர் சர்வரிடமிருந்து பதில் வந்திருந்தது: ‘எழுதியாச்சு.’ வினோதினி திரும்பிப் பார்த்தாள். புயல் வெள்ளத்திலிருந்து தூக்கி வந்திருந்த அந்தக் கடலூர் சர்வர் அவளுக்குப் பின்னால் மேசைமேல் கிடந்தது. மூடி திறந்து, டிஸ்க்குகள் கழற்றப்பட்டு, ஒரு ஒயர்கூட இல்லாமல்.

“அண்ணே, கடலூர் பேசுது.”

கடலூர், சிதம்பரம் இரண்டு ஊர் மெஷினையும் பார்த்துக்கொள்ளும் சுரேந்தர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். “ரெண்டு நாளு உப்புத் தண்ணில கெடந்த பொட்டி. கருவாடு பேசுதுன்றியே. பழைய மெசேஜா இருக்கும். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிட்டு வந்துடறேன்.”

மீனவர் சங்கத்தின் சிதம்பரம் அலுவலகத்தில் அவள் தனியானாள். புயல் அடித்து இது மூன்றாம் நாள், மாலை நான்கு மணி.

சங்கத்தின் படகுப் பதிவில், போகும் படகு ‘கடலில்’, திரும்பிய படகு ‘கரையில்’. இரண்டு ஊர் டிஸ்க்கிலும் ஏறிய பிறகுதான் ‘எழுதியாச்சு’ என்று வர வேண்டும். ஆனால் மீன் ஏலத்துக்கு ஓடுகிறவர்கள் பதிவுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அதனால் மெமரியில் விழுந்ததுமே பதில் வரும்படி சுரேந்தர் மாற்றி வைத்திருந்தார். டிஸ்க்குக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போகும். அதற்குள் மின்சாரம் போனால், எழுதியதாகச் சொன்னது எதுவும் எழுதப்பட்டிருக்காது.

இப்போது பதினோரு படகுகள் ‘கடலில்’ இருந்தன. நாளை காலை ஆறு மணிக்குத் தேடும் படகுகள் இந்தப் பட்டியலை வைத்துத்தான் புறப்படும். பட்டியலில் இல்லாதவர்களை யாரும் தேட மாட்டார்கள். எழுபத்திரண்டாம் எண் அவள் தம்பி இளவரசுவின் படகு.

வெளியே ஜெனரேட்டர் இருமி இருமி ஓட, பின்னால் கிடந்த மெஷினிலிருந்து அழுகிய பாசியும் டீசலும் கலந்த வாடை மெல்ல எழுந்து, மின்விசிறிக் காற்றில் சுற்றி, அவள் நாக்கில் உப்பாகப் படிந்தது. திரை மினுக்கியது.

‘படகு 14. கரையில். எழுதியாச்சு.’

பதினான்காம் படகுக்காரரின் மனைவி அமிர்தத்துக்குப் போன் போட்டாள். “அக்கா, மாமா வந்துட்டாரா?”

“வந்தா சொல்ல மாட்டனா? ஏன்டி கேக்குற? எதுனா சேதி வந்துச்சா?”

“இல்லக்கா. சும்மாதான்.”

‘படகு 31. கரையில்.’ ‘படகு 9. கரையில்.’ பட்டியல் ஒவ்வொன்றாகக் கரைந்தது. கடைசியில், ‘படகு 72. கரையில்.’

அவள் ‘கடலில்’ என்று திருத்தினாள். மாறியது. திரும்ப ‘கரையில்’ ஆனது. திருத்தினாள். மறுபடியும். விசைகள் ஈரமாயிருந்தன.

டிஸ்க்குக்குப் போக நாற்பது நொடி.

“என் தம்பிய நீ முடிச்சி வெக்காத,” என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

முப்பது நொடி. பின்னால் சொட்டுச் சத்தம்.

டிஸ்க்கில் இன்னும் பதினொன்றும் ‘கடலில்’தான். பொய் முழுக்க மெமரியில். மின்சாரம் போனால் மெமரி காலி.

பதினைந்து.

மேசைக்கடியில் குனிந்தாள். தன் மெஷினின் பிளக்கைப் பிடித்தாள். பிடுங்கினாள்.

திரை இருண்டது. ஜெனரேட்டரும் நின்றது.

கவுன்டரின் கம்பி வலைக்கு அப்பால் யாரோ கனைத்தார்கள்.

“வினோக்கா. பதிஞ்சிக்க. பின்னாடி ஆளு நிக்குது.”

இளவரசு. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் ஊறி வெளுத்திருந்தது. கண்ணிமை மூடவில்லை. அவனுக்குப் பின்னால் மற்ற பத்துப் படகுகளின் ஆட்கள். படிக்கட்டு முழுக்க. தெருவரைக்கும்.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, கவுன்டரில் நேருக்கு நேர் உட்கார்ந்தாள்.

“பதிய மாட்டேன்.”

“கரைக்கு வந்துட்டன்க்கா.”

“நீ என் தம்பி இல்ல. அவன் கடல்ல இருக்கான். நாளைக்கு ஆறு மணிக்கு அவனத் தேடி ஆளு போவுது. போவத்தான் போவுது.”

வலையின் ஓட்டை வழியாக அவன் கை உள்ளே வந்தது. முழங்கை தாண்டியும் வந்துகொண்டே இருந்தது. இருண்ட திரைக்கு முன்னால் விரல்கள் விசைகளைத் தேடின. ‘72’-இன் ‘7’ அழுந்தியது.

அவள் அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். ஜில்லென்றிருந்தது. தோல் வழுக்கியது. எலும்போடு சேர்த்து இறுக்கினாள். விடவில்லை.

அடுத்தவன் கையை நீட்டினான். அவனுக்கு அடுத்தவனும்.